ஏரோப்ளேனில் ஒரு காலி ஜன்னல்

எங்கள் கடை சங்கரன்கோவிலில் கோயில் வாசலை ஒட்டி இருந்தது. தேங்காய், பழம், பூ, உப்பு மிளகுப் பொட்டலம், தகட்டில் அடித்த பாம்பு, தேள் உருவங்கள் எல்லாம் விற்றோம். வீட்டில் பாம்பு தட்டுப்பட்டால் நேர்ந்துகொண்டு வந்து அந்த உருவத்தை வாங்கிக் கோயிலில் போடுவார்கள். ஆடித்தபசுக்குக் கரிசல்காட்டு ஊர்களிலிருந்து சனம் வந்து இறங்கும்.

யாவாரத்தில் நான் கெட்டிக்காரி. "செருப்பை இங்கன விட்டுட்டுப் போங்க தாயி, காசு வேண்டாம்" என்பேன். செருப்பை விட்டவள் அர்ச்சனைத் தட்டு வாங்காமல் போக மாட்டாள். தட்டு அவள் கைக்குப் போன பிறகுதான் விலை சொல்வேன். "வீட்டுப் பக்கம் பாம்பு நடமாட்டம் உண்டா?" என்று கேட்பேன். கரிசல்காட்டில் இருந்துகொண்டு இல்லை என்று யார் சொல்வார்? பாம்பை எடுத்ததும், "தேளுக்குத் தனியாக் காசு வேண்டாம், சேத்துக் கொண்டு போங்க" என்பேன். தேளின் விலையையும் பாம்பின் தலையிலேயே ஏற்றி வைத்திருப்போம். இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை. கடை என்றால் அப்படித்தான்.

என் கொழுந்தனுக்குப் பெண்டாட்டியாக வந்தவள் குருவிகுளத்துப் பக்கம். எனக்கு ஓரகத்தி. வந்த முதல் மாதமே எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிக்கொண்டு சொன்னாள். "அக்கா, நான் சின்னப் பிள்ளையில உங்ககிட்டதான் பாம்பு வாங்குனேன். தேள் சும்மா குடுத்தீங்க. அந்தச் சந்தோசத்துல ஊரு போற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டுப் போனேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அத்தைதான், என் மாமியார்தான், அதிகம் சிரித்தாள். எனக்கு அன்றைக்கே வயிறு எரிய ஆரம்பித்தது. ஏமாந்ததைச் சொல்லி ஒருத்தி எப்படிச் செல்லம் வாங்க முடியும்?

அத்தைக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. கல்லாப்பெட்டிச் சாவியை ஒரு மருமகளிடம் கொடுத்தாக வேண்டும். மூத்தவள் நான், பன்னிரண்டு வருசமாகக் கடையில் நிற்கிறவள். ஆனால் எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவள் எட்டாம் கிளாஸ். "சின்னவ நாலு எழுத்து படிச்சவ, அவகிட்ட குடுத்தா என்ன?" என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அத்தை காதில் ஓதினார்கள். அந்தச் சாவி என் இடுப்புக்கு வராமல் போய்விடுமோ என்பதுதான் எனக்கு அப்போது இருந்த ஒரே பயம்.

அந்தத் தை மாதம் மெட்ராஸில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். கைரிக்‌ஷா ஒழிந்து சைக்கிள் ரிக்‌ஷா ஓடிய காலம். நானும் என் வீட்டுக்காரரும் அவளும் போவது என்று முடிவாயிற்று. கொழுந்தன் கடையைப் பார்த்துக்கொண்டார். அத்தை எங்கள் இருவர் கையிலும் ஒரே அளவு பணம் கொடுத்து, "பாத்துச் செலவு பண்ணுங்க" என்றாள். எனக்கு அது போதும். பெரிய பட்டணம் இவளை உரித்துவிடும், என்னைத் தொடக்கூட முடியாது, திரும்பி வந்து மிச்சப் பணத்தைக் காட்டினால் அத்தை சாவியைத் தருவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எழும்பூரில் கொல்லம் மெயிலை விட்டு இறங்கியதும் போர்ட்டர் பெட்டியில் கை வைத்தான். கையைத் தட்டிவிட்டு நானே தூக்கினேன். வெளியே ரிக்‌ஷாக்காரன் கேட்டதில் கால்வாசி சொன்னேன். "சாவுகிராக்கி!" என்றான். "நீ ஏறிப் போலே" என்றேன். நடந்தோம். என் வீட்டுக்காரர் செருப்பு வாரு அறுந்து அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கல்யாணச் சத்திரத்துச் சாப்பாடு தவிர வேறு எதையும் நான் காசு கொடுத்துத் தின்னவில்லை. ஊரிலிருந்து முறுக்கும் புளியோதரையும் கொண்டுபோயிருந்தேன். மூன்றாம் நாள் புளியோதரை ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதையும் தின்றேன்.

கல்யாணம் முடிந்து கடற்கரைக்குப் போனோம். நாங்கள் பஸ்ஸில். அவள் கல்யாண வீட்டுப் பொம்பளை ஒருத்தியோடு ரிக்‌ஷாவில். நாங்கள் போய் அரை மணி நேரம் வெயிலில் நின்ற பிறகுதான் வந்து சேர்ந்தாள்.

"ஏட்டி, சுத்துவழியில கூட்டிக்கிட்டு வந்திருக்காண்டி! உன் நெத்தியில எழுதி ஒட்டியிருக்கு."

"சுத்துனா சுத்திட்டுப் போறான். மூணு தெரு கூடப் பாத்தேம்லா. எத்தனை மாடிங்க அக்கா! எண்ணிக்கிட்டே வந்து விட்டுட்டேன்."

அவள் முகத்தைப் பார்த்தால் ஏமாந்தவள் முகம் மாதிரியே இல்லை. பஸ்ஸில் வந்த நான் ஒரு ஆம்பிளையின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அத்தைக்கு என்று ஒரு சங்கு வாங்கினாள். சங்குக்காரன் சொன்ன விலையை அப்படியே கொடுத்தாள். நான் அந்தக் கடைக்காரனோடு சண்டை போடுவதற்குள் பணம் அவன் பைக்குள் போய்விட்டது. பஜ்ஜி தின்றாள். எனக்கும் நீட்டினாள். வேண்டாம் என்றேன். வாயில் எச்சில் ஊறியது.

அப்புறம்தான் அந்த ஏரோப்ளேன். பலகையில் வரைந்து நிறுத்தியிருந்தான் போட்டோக்காரன். இரண்டு ஜன்னல், இரண்டும் ஓட்டை. பின்னால் நின்று தலையை நீட்டினால் ஏரோப்ளேனில் போகிற மாதிரி போட்டோவில் விழும்.

"ஒரு தலைக்கும் அதே காசுதாம்மா, ரெண்டு தலைக்கும் அதே காசுதான். வந்து நில்லும்மா" என்றான் என்னைப் பார்த்து.

எனக்குத் தெரியாதா இந்தப் பேச்சு? தேளுக்குத் தனியாகக் காசு வேண்டாம் என்று வருசக்கணக்காகச் சொன்னவள் நான்.

"உன் தலைக்கும் என் தலைக்கும் சேத்துத்தான் விலை வச்சிருக்காண்டி. போட்டோ இப்பத் தர மாட்டானாம், தபால்ல அனுப்புவானாம். காசைக் கடல்ல போடுதே."

"போனாப் போவுது. வாங்கக்கா, ஒரு தடவதான. எனக்காக."

"ஏளா, போயேன்" என்றார் என் வீட்டுக்காரரும்.

நான் இரண்டு பையையும் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் ஒரு ஜன்னலில் தலையை நீட்டி, பக்கத்து ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள். அவன் கருப்புத் துணிக்குள் புகுந்துகொண்டான். ஒரு தாளில் கடை விலாசத்தை அவளே எழுதிக் கொடுத்தாள்.

ஊருக்கு வந்ததும் அத்தையிடம் என் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், முக்கால்வாசிக்கு மேல் அப்படியே. அவளிடம் சங்கும் மணலும்தான் மிச்சம். அத்தை சங்கைக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் பணத்தை எண்ணக்கூட இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தை, முகம் தெரியாதவன்ட்ட போட்டோவுக்குக் காசைக் குடுத்துட்டு வந்திருக்கா. அந்தப் போட்டோ வந்துட்டா சாவியை இவகிட்டயே குடுத்துருங்க. வரலைன்னா எனக்குக் குடுங்க."

"நல்ல பந்தயமா இருக்கே" என்று அவள் கை தட்டிச் சிரித்தாள். அத்தையும் தலையை ஆட்டினாள். பங்குனி முடியட்டும் என்றாள்.

மாசியில் ஒரு மத்தியானம் நான் மட்டும் கடையில் இருந்தேன். என் வீட்டுக்காரர் தேங்காய் எடுக்கப் போயிருந்தார். தபால்காரர் ஒரு கெட்டிக் கவரை நீட்டினார். எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். அவள் பெயர்.

அவன் அனுப்பிவிட்டான். முகம் தெரியாத ஒருத்திக்கு, வாங்கின காசுக்கு, சொன்னபடி அனுப்பிவிட்டான்.

கவரைப் பிரித்தேன். ஏரோப்ளேன் நிசம் மாதிரியே இருந்தது. ஒரு ஜன்னலில் அவள், பல்லெல்லாம் தெரிய. இன்னொரு ஜன்னல் காலி. அதன் வழியாகக் கொஞ்சம் கடல் தெரிந்தது. பாம்பு உருவங்கள் வைக்கிற தகரப்பெட்டியின் அடியில் கவரோடு வைத்து மேலே தாளை விரித்தேன்.

தினமும் சாயங்காலம் கேட்பாள். "தபால் உண்டாக்கா?"

"நான் அப்பமே சொன்னேம்லா" என்பேன்.

சித்திரை பிறந்தது. அத்தை சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தாள். "ஜெயிச்சுட்டீங்கக்கா" என்று அவளே என் இடுப்பில் செருகிவிட்டாள். ஆள் இல்லாத நேரத்தில் நான் அந்தப் போட்டோவை எடுத்துப் பார்ப்பேன். சாவி என்னிடம், அந்தச் சிரிப்பு அவளிடம். அவள் முகத்தைவிட அந்தக் காலி ஜன்னலைத்தான் அதிக நேரம் பார்த்திருப்பேன்.

ஆடித்தபசு அன்று கூட்டம் தாங்கவில்லை. திருவேங்கடத்திலிருந்து வந்த ஒரு அம்மாவுக்குப் பாம்பு எடுக்க அவள் தகரப்பெட்டியை இழுத்துக் கவிழ்த்துவிட்டாள். தாளும் கவரும் அவள் மடியில் விழுந்தன. தேங்காயைப் பிடித்தபடி நின்றேன்.

போட்டோவைப் பார்த்தாள். கவரைத் திருப்பித் தபால் முத்திரையில் இருந்த தேதியைப் பார்த்தாள். அதை வாசிக்க அவளுக்குத் தெரியும். என்னைப் பார்த்தாள். பிறகு கவரை மட்டும் நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளே இருந்த அத்தைக்குக் கேட்கச் சத்தம் போட்டாள்.

"அத்தை, போட்டோ வந்துட்டு! இன்னைக்குத்தான் வந்திருக்கு. பந்தயம் முடிஞ்சுல்லா வந்திருக்கு, துக்கிரி!"

சாவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகு என்றைக்குமே கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டிருந்தால் அவிழ்த்து எறிந்திருப்பேன். அந்த நிம்மதியையும் அவள் எனக்குத் தரவில்லை.

போட்டோவுக்குக் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டச் சொன்னாள். அதன் கீழேதான் நான் சாவியோடு உட்கார்ந்திருந்தேன், அத்தனை வருசமும். தட்டு வாங்க வருகிறவர்கள் விலையை மறந்து அதைத்தான் பார்ப்பார்கள். "பக்கத்து ஜன்னல் என்ன காலியா இருக்கு?" என்று கேட்பார்கள்.

"அது எங்க அக்காவுக்குப் பிடிச்சு வச்ச எடம்" என்பாள் அவள், என்னைக் காட்டி.

வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவளைப் பார்த்து இன்னும் கொஞ்சம் கூடச் சிரிப்பார்கள். அப்படி ஒரு வார்த்தை எனக்கு வாயில் வராதே என்று இன்றைக்கும் எனக்கு எரிகிறது.