பன்னிரண்டு பீகாவும் ஒரு பூச்செண்டும்

"பையா, ரோக்கோ" என்று பிலோமினா சிஸ்டர் எழுந்து நின்றால் நஜஃப்கட் பஸ் நின்றுவிடும். அங்கே நிறுத்தமே இருக்காது. கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு இறங்குவார். சாலையோரத்துச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கி, பையை மறுபுறம் திருப்பி அதற்குள்ளேயே அடைத்து, முடிச்சுப் போட்டுக்கொண்டு ஏறுவார். பஸ் நிறைய விவசாயிகள் பேசாமல் காத்திருப்பார்கள். முதல் தடவை அவரோடு போனபோது நான் ஒருவன்தான் சிரித்தேன்.

"சிரிக்கியளா சார்? ஒரு செடி பூத்துட்டுன்னா பத்தாயிரம் விதை போடும் பாத்துக்கிடுங்க. பொறவு நம்மதான் அழணும்."

தில்லி லக்ஷ்மிபாய் நகரில் எங்களுக்கு மேல் குவார்ட்டர்ஸில் இருப்பவர். பாளையங்கோட்டைக்காரர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தோல் நோய் வார்டுக்குத் தலைமை நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்கும் தைரியம் எங்கள் காலனியில் எவருக்கும் கிடையாது. காய்கறிக்காரன் தராசைத் தூக்கினால், எடையைப் பார்க்கமாட்டார், அவன் விரலிடுக்கைப் பார்ப்பார்.

செடியின் பெயர் பார்த்தீனியம். காரட் இலை மாதிரி இருப்பதால் இங்கே காஜர் காஸ் என்பார்கள். எழுபத்தொன்பதில் சந்தரோ என்ற கிராமத்துப் பெண் இரண்டு கையும் வீங்கி, தோல் வெடித்து வார்டுக்கு வந்தாள். களிம்பு தடவி அனுப்பினார்கள். மறுபடி வந்தாள். மூன்றாம் தடவை சிஸ்டரும் அவளோடு பஸ் ஏறிவிட்டார். எருமை மேய வேண்டிய ஊர்ப் பொது நிலம், பன்னிரண்டு பீகா, நம் கணக்கில் இரண்டரை ஏக்கர், மேய ஒரு புல் இல்லாமல் அந்தச் செடியாகவே கிடந்திருக்கிறது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்த ஊர்தான். ஊர்ப் பெண்கள் முப்பது பேருக்கும் ரப்பர் கையுறை கொடுப்பார். வரிசையாக நகர்ந்து, பூ எடுக்கும் முன்பே பிடுங்குவார்கள். பிடுங்கியது சாணத்தோடு குழியில் மக்கி அதே மண்ணுக்குப் போகும். காலியான இடத்தில் தகரை விதை தூவுவார்கள். நம் ஊர் வேலியோரத்துத் தகரைதான், அங்கேயும் முளைக்கிறது. "அது அடந்து நின்னா இந்தச் சனியனுக்கு எடமிருக்காது" என்பார். ஒரு மழைக்காலம் பூக்கவிட்டால் போதும், பட்ட பாடெல்லாம் வீண்.

நாலு மழைக்காலம் போயிற்று. இந்த அக்டோபரில் நிலத்தில் ஒரு பார்த்தீனியம்கூட இல்லை என்று ஊரே கூடி அவருக்குச் சால்வை போட்டது. நானும் போனேன். மண்ணில் விரலை வைத்தேன், இரண்டு கணு உள்ளே இறங்கிற்று. அறுகு, தகரை, எனக்குப் பெயர் தெரியாத நீலப் பூ. காலடியிலிருந்து கௌதாரிகள் சடசடவென்று கிளம்பின. பைல் கட்டுகளோடு இருபத்தாறு வருஷம் கழித்தவன் நான். வெறும் ஞாயிற்றுக்கிழமைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்துவிட்டாரே என்று உடம்பு சிலிர்த்தது. சொன்னேன். "நான் எங்க செஞ்சேன்? இவளுவ செஞ்சது" என்றார்.

அப்போதுதான் என் பூச்செண்டை நீட்டினேன். சரோஜினி நகர் மார்க்கெட்டில் கட்டச் சொன்னது. சிவப்பு ரோஜா, நடுநடுவே கொத்துக் கொத்தாகப் பொடி வெள்ளைப் பூ. பஸ்ஸிலிருந்து இறங்கி அரை மைல், கடைசியில் நிலத்தின் குறுக்கேயும், அதை வீசிக்கொண்டு நடந்து வந்திருந்தேன்.

சிஸ்டரின் முகம் வெளுத்தது. வெள்ளைப் பூவுக்குக் கீழே காரட் இலை. எப்போதும் பூக்கும் முன்பே அவர் பிடுங்கிவிடுவதால் அதன் பூவை நான் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. எனக்கு உயிரே போயிற்று.

 அவர் மறுபடி சிரித்த முகமாகி இரண்டு கையாலும் வாங்கினார். தோளில் கிடந்த புதுச் சால்வையை எடுத்துப் பூச்செண்டை இடைவெளியில்லாமல் சுற்றிச் சந்தரோவிடம் கொடுத்தார். பிறகு மெதுவாக, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எந்த வழியா வந்திய?" என்றார்.

காட்டினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் கடைசிக் காலடித் தடத்தருகே குனிந்தார். விரல் நுனியால் எதையோ கிள்ளி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, அடுத்த தடத்துக்கு நகர்ந்தார்.