எண்பத்தெட்டுக்கும் எண்பத்தொன்பதுக்கும் நடுவே

என் வலைப்பூவில் இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு மதிப்புரைகள் எழுதியிருக்கிறேன். எல்லாம் குழந்தைகளுக்கான கதைகள், மாயக்கதைகள். எழுபத்து மூன்று வயதில் இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான். கண் அறுவைக்குப் பிறகு டாக்டர் பெரிய எழுத்தாகப் பார்த்துப் படிக்கச் சொன்னார். பெரிய எழுத்தில் கிடைத்தவை குழந்தைகள் புத்தகங்கள். அதற்குப் பிறகு விட முடியவில்லை.

எனக்கென்று ஒரு முறை உண்டு. பதிப்பகங்கள் அச்சுக்கு முந்தைய பிரதியைக் கணினிக் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்புவார்கள். திரையில் படித்தால் கண்ணில் நீர் வழியும். அதனால் மயூர் விஹார் மெட்ரோ வாசலுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில், தாளின் இரண்டு பக்கமும் அச்செடுத்து, சுருள் கம்பி போட்டு வாங்கி வருவேன். முந்தைய பிரதி என்பதால் பெரும்பாலும் பக்க எண் இருக்காது. படிக்கத் தொடங்கும் முன் ஒவ்வொரு பக்கத்தின் வலது மேல் மூலையிலும் பென்சிலால் நானே எண் போடுவேன். பிறகு ஒரு தனித்தாளில் கணக்கு: எத்தனை மந்திர வாசல், எத்தனை சண்டை, பிள்ளைகள் எத்தனை முறை சாப்பிடுகிறார்கள், எத்தனை பேர் போய் எத்தனை பேர் திரும்புகிறார்கள். பாதி மாயக்கதைகளில் பிள்ளைகள் மூன்று நாள் பயணத்தில் ஒரு வேளைகூடச் சாப்பிடுவதில்லை. நான் அதை எழுதுவேன். எழுதியவர்களுக்குக் கோபம் வரும். பள்ளி ஆசிரியர்கள் சிலர் அதற்காகவே என்னைப் படித்தார்கள்.

"சட்டை பட்டன எண்ணிப் போடற மனுஷன் உங்களத் தவிர டில்லியில வேற யாரும் கிடையாது" என்பாள் என் மனைவி. ஏழு பட்டன்கள். எண்ணாமல் போட்டால் ஒன்று தப்பிவிடுகிறது.

நான் சொல்ல வந்தது ஒரு வியாழக்கிழமை வெளியான மதிப்புரையைப் பற்றி. ஒரு சிறு பதிப்பகம் அனுப்பிய கதை, எழுதியவருக்கு முதல் புத்தகம். டில்லியில் ஒரு பழைய படிக்கிணறு. அதற்குள் ஏழு பிள்ளைகள் இறங்குகிறார்கள். அடியில் ஒரு நீர்வாசல், அதற்கப்பால் ஒரு நகரம். நடை நன்றாகவே இருந்தது. ஆனால் இறங்கியவர்கள் ஏழு, கரையேறியவர்கள் ஆறு. கடைசியில் இருந்த சின்னப் பெண் எங்கே என்று யாரும் கேட்கவில்லை, தேடவில்லை. பெயரைக்கூட அதற்குப் பிறகு சொல்லவில்லை. மூன்று முறை எண்ணிப் பார்த்தேன். ஆறுதான். போதாததற்கு, திரும்பி வந்த பிள்ளைகள் தினமும் மாலையில் கிணற்றுச் சுவரில் உள்ளங்கையை வைத்துவிட்டுப் போகிறார்கள். ஐந்து இடத்தில் வருகிறது. எதற்கு என்று ஒரு வரியும் இல்லை.

நான் எழுதியது இது: "ஆசிரியருக்கு ஏழு வரை எண்ணத் தெரியவில்லை. ஒரு குழந்தையை வழியில் மறந்துவிட்டு வருபவர் குழந்தைகளுக்காக எழுத வேண்டாம்."

வழக்கமாக நாலு பின்னூட்டம் வரும். அன்று மாலைக்குள் இருபத்தேழு. பாதிப் பேர் சிரித்திருந்தார்கள். எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

வெள்ளிக்கிழமை, எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் நூலகம் பார்க்கும் ஆசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், தேங்க்ஸ். இந்த வருஷம் ஸ்கூலுக்கு வாங்கற லிஸ்ட்ல இருபது புக். அந்தக் கிணத்துக் கதைய நான் சேத்துட்டேன். மொத நாலு சாப்டர்தான் படிச்சிருந்தேன், நல்லா இருந்துச்சு. உங்க ரிவ்யூ பாத்துட்டு அடிச்சிட்டேன். நாளைக்குப் பதினோரு மணிக்கு பிரின்சிபல் சைன் பண்றாங்க. நல்லவேளை, அதுக்கு முன்னாடி போட்டீங்க."

சனிக்கிழமை ஒன்பது ஐம்பதுக்கு வாசல் மணி அடித்தது. மனைவி போய்த் திறந்தாள். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி நின்றிருந்தாள். வெள்ளைச் சீருடைக்கு மேல் ஒரு கம்பளிச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் ஒரு காகிதக் கட்டு. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"வலைப்பூ எழுதுத சார் வீடு இதுதானே? நான் அந்தக் கெணத்துக் கதை எழுதினவ. நைட் டூட்டி முடிஞ்சு நேரா வாறேன்."

முகவரி எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். புத்தகம் அனுப்ப விரும்புவோருக்காக வலைப்பூவில் நானே போட்டிருப்பதாகச் சொன்னாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏழு போச்சு, ஆறு வந்துதுன்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு ரெண்டு பக்கம் முழுசா இருக்கு சார். நீங்க படிக்கலயா, இல்ல படிச்சிட்டு எழுதினீங்களா? அது மட்டும் எனக்குத் தெரியணும்."

"நான் ஒரு வரி விடமாட்டேன்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அலமாரியிலிருந்து என் பிரதியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "இருநூற்றுப் பத்துப் பக்கம். ஒவ்வொன்றிலும் எண் போட்டிருக்கிறேன். பாருங்கள்."

அவள் நின்றபடியே புரட்டினாள். தன் கட்டையும் பக்கத்தில் விரித்து வைத்தாள். என் எண்பத்தெட்டாம் பக்கம் 'நீர்வாசல் திறந்தது' என்று முடிந்தது. எண்பத்தொன்பது 'கரையேறியதும் பெரியவன் முதலில் தன் தம்பியின் தலையைத் துவட்டினான்' என்று தொடங்கியது. அவள் பிரதியில் இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே ஒரு தாள் இருந்தது.

நான் சொன்ன முதல் வார்த்தையை இன்றும் நினைத்தால் கூசுகிறது. "இதை நீங்கள் நேற்று எழுதிச் சேர்த்திருக்கலாமே?"

மனைவி சமையலறை வாசலிலிருந்து, "ஏங்க!" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அந்தத் தொனி எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. இன்னும் நேராக நின்றாள்.

"நான் பிள்ளைங்க வார்டுல இருக்கேன் சார். டூட்டி மாறும்போ படுக்கை படுக்கையா போய் எண்ணுவோம். இருபத்தெட்டுன்னா இருபத்தெட்டு. பேப்பர பாத்து எண்ணக்கூடாது, பிள்ளைய பாத்துத்தான் எண்ணணும்னு சட்டம். பதினாறு வருஷமா எண்ணுதேன். எனக்கு ஏழு எண்ணத் தெரியாதுன்னு நீங்க எழுதியிருக்கீங்க." என் பென்சில் எண்ணின் மேல் விரலை வைத்தாள். "இந்த நம்பரு யாரு போட்டது?"

"நான்தான்."

"கையில உள்ள தாளுக்கு நீங்க நம்பர் போட்டா, காணாமப் போன தாளு எப்படி சார் தெரியும்?"

நான் போய்க் கணினியைத் திறந்தேன். பதிப்பகம் அனுப்பிய கோப்பைத் தேடி எடுத்தேன். திரையின் ஓரத்தில் மொத்தப் பக்க எண்ணிக்கை சின்னதாக நின்றது: 212. ஒன்பது வருடங்களாக அந்த எண் அந்த மூலையில்தான் இருந்திருக்கிறது. ஒரு நாளும் அதை என் கடைசிப் பென்சில் எண்ணோடு ஒப்பிட்டதில்லை. அப்போதுதான் ஜெராக்ஸ் கடை நினைவுக்கு வந்தது. இந்தக் கதையை அச்செடுக்கும்போது நடுவில் இயந்திரம் நின்றது. கடைக்காரர் மூடியைத் திறந்து, கசங்கிய தாள் ஒன்றை உருவிக் கூடையில் போட்டார். "கோயி பாத் நஹீ, அங்கிள், ஹோ கயா" என்றார், பரவாயில்லை, முடிந்துவிட்டது என்று. அவர் கை எவ்வளவு வேகம் என்று வியந்துகொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

திரையில் அந்த இரண்டு பக்கங்களையும் படித்தேன். வாசல் திறந்தே இருக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் உள்பக்கம் நின்று உள்ளங்கையைச் சுவரில் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். சின்னவள் கையை வைக்கிறாள். 'நீங்க போங்க. என் பேர மட்டும் சொல்லாதீங்க, சொன்னா வாசல் மூடிக்கும்' என்கிறாள். அதனால்தான் யாரும் பெயரைச் சொல்லவில்லை. அதனால்தான் ஆறு பேரும் தினமும் சுவரின் வெளிப்பக்கம் கை வைக்கிறார்கள். ஐந்து முறை எண்ணி, எதற்கென்று தெரியவில்லை என்று நான் எழுதிய இடம்.

மணி பத்து இருபத்தாறு. பள்ளிப் பட்டியலைப் பற்றி அவளிடம் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருந்தது.

"பதிப்பகத்துக்காரர் நேத்தே சொல்லிட்டாரு. பள்ளிக்கூடம் எடுத்தாத்தான் அச்சு. இல்லன்னா எனக்க கதை இந்தக் கட்டோட சரி. அதுக்குத்தான் தூங்காம வந்தேன்."

ஆசிரியைக்கு நான்கு முறை தொலைபேசி அடித்தேன். எடுக்கவில்லை. வலைப்பூவைத் திறந்து மதிப்புரையின் தலையில், என் பிரதியில் ஒரு தாள் இல்லை, நான் எழுதியது தவறு, இதை நம்ப வேண்டாம் என்று போட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். "பட்டன்!" என்று மேலிருந்து மனைவி கத்தினாள். கீழே வந்து பார்த்தேன், ஒன்று தப்பியிருந்தது.

பள்ளிக்கு என் நடையில் ஆயிரத்து நூற்று நாற்பது அடி. நடக்கும் நிலையில் அவள் இல்லை. பேட்டரி ரிக்‌ஷாவில் ஏறினோம். திருப்பத்தில் சிவப்பு விளக்கு. தொண்ணூறு வினாடி, கீழிறங்கிக்கொண்டே வந்தது. "பையா, ஜல்தி" என்று அவசரப்படுத்தினேன். "அங்கிள், உட்கே சலூம் க்யா?" பறந்தா போவது என்று ரிக்‌ஷாக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தாள்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி, "நான் பேசாம இருக்கேன்னு கோவம் போயிட்டுன்னு நினைக்காதீங்க சார்" என்றாள். நினைக்கவில்லை என்றேன்.

பள்ளி வாசலில் காவலர் கையை நீட்டினார். மீட்டிங் நடக்கிறது, பதினொன்றரைக்கு வாருங்கள் என்றார் இந்தியில். பத்து ஐம்பத்திரண்டு. நான் கெஞ்சுவதற்குள் அவள் தன் மருத்துவமனை அட்டையை எடுத்துக் காட்டி, "பச்சே கி பாத் ஹை, பையா" என்றாள். குழந்தை விஷயம் என்றதும் வழிவிட்டார். அவள் சொன்னது பொய் இல்லை.

ஆசிரியை கையில் கோப்போடு முதல்வர் அறை வாசலில் நின்றிருந்தார். அவசரமாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"சார், நேத்து உங்க ரிவ்யூவ ஸ்டாஃப் ரூம்ல சத்தமா படிச்சேன். எல்லாரும் சிரிச்சோம். இப்ப வந்து தப்புங்கறீங்க. அந்த எடத்துல வேற புக் போட்டாச்சு. அதுவும் நீங்க நல்லா இருக்குன்னு எழுதினது. அத மட்டும் எப்படி நம்பறது?"

"நம்ப வேண்டாம்" என்றேன். "இந்தத் தாளை மட்டும் படியுங்கள். இரண்டே பக்கம்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். முதல் பக்கம். திருப்பினார். இரண்டாம் பக்கத்தில் பாதியில் நின்று, மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் சுவரில் சாய்ந்திருந்தாள். அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். ஜெபமா, தன் வரிகளையே கூடச் சொல்லிக்கொண்டிருந்தாளா, தெரியாது.

ஆசிரியை தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "இந்தப் பொண்ணு கடைசியில வருவாளா, மாட்டாளா?"

"வரமாட்டா மேடம்."

"எங்க பிள்ளைங்க அழுவாங்க."

"அழட்டும் மேடம். ஆனா மறக்கமாட்டாங்க."

ஆசிரியை தாளை மடிக்காமல் கோப்பின் மேலேயே வைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது. அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் எதிர்ச் சுவரிலிருந்த ஓடுகளை எண்ணத் தொடங்கினேன். பதினேழில் நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இருபது நிமிடம் ஆனது. நான் அசையாமல் இருந்தேன். அசைந்தால் பெஞ்சு ஆடும்.

ஆசிரியை வெளியே வந்து, அவள் தூங்குவதைப் பார்த்து என்னிடம் மெல்லிய குரலில் சொன்னார். "இருபத்தொண்ணா எழுதிட்டேன் சார். பிரின்சிபல் ஏன் இருபத்தொண்ணுன்னு கேட்டாங்க. ஒருத்தர் எண்ணிக்கையில தப்பு பண்ணிட்டாருன்னு சொன்னேன். சைன் பண்ணிட்டாங்க."

அவளை எழுப்பிச் சொன்னேன். "அச்சா" என்று சரி சொல்வதுபோல இந்தியில் சொன்னாள், கண்ணைக் கசக்கிக்கொண்டு. பிறகுதான் புரிந்தது போலும், முகத்தை அந்தக் கம்பளிச் சட்டையின் கையால் மூடிக்கொண்டாள். எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை. போகும்போது மட்டும், "தாள எண்ணாதீங்க சார், கதைய எண்ணுங்க" என்றாள். அது திட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. ஒரு பிரதி எனக்கும் வந்தது. கையெழுத்து இல்லை. பக்க எண் இருக்கிறது.

ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. பரணில் நூற்று நாற்பத்தொரு கம்பிக் கட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக இறக்கி, கடைசிப் பென்சில் எண்ணையும் திரையில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டு வருகிறேன். மனைவி கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொள்கிறாள், திட்டிக்கொண்டே. நேற்று வரை நூற்றாறு பார்த்தாயிற்று. மூன்றில் எண்கள் ஒத்துவரவில்லை. அதில் ஒன்றைப் பற்றி ஆறு வருடம் முன்னால் நான் எழுதியிருப்பது: 'டிராகன் ஏன் அழுகிறது என்பது ஆசிரியருக்கே தெரியவில்லை.' இப்போது படித்துவிட்டேன், ஏன் அழுகிறது என்று. அந்த ஆசிரியர் அதற்குப் பிறகு எதுவும் எழுதியதாகத் தெரியவில்லை. பதிப்பகத்திடம் அவர் தொலைபேசி எண்ணைக் கேட்டிருக்கிறேன். தேடிப் பார்க்கிறோம் என்று சொல்லி இன்றோடு ஒன்பது நாள்.