பௌர்ணமிக்கு முன் ஒரு விரால்

நாற்பத்து மூன்று வயதுக்குள் எனக்குப் பிடித்த பைத்தியங்களில் குறைவான சேதம் விளைவித்தது தூண்டில்தான். அதற்கு முந்தைய வருடம் புல்லாங்குழல் வாங்கியிருந்தேன். அதில் அக்கம்பக்கத்தாரும் பாதிக்கப்பட்டார்கள். தூண்டிலில் நான் ஒருவன்தான்.

கோடை விடுமுறையில் என் ஜெராக்ஸ் கடைக்கு ஈ கூட வராது. வந்தால் அதையும் இரண்டு காப்பி எடுத்துவிடலாம் என்கிற மாதிரி சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் செல்போனில் அந்த வீடியோக்கள் வந்து சேர்ந்தன. எந்த நாட்டிலோ ஒருவன், அடி தெரிகிற தண்ணீருள்ள பெரிய அணையில், படகில் நின்றுகொண்டு ரப்பர் தவளையை வீசுகிறான். மீன் கவ்வுகிறது. மறுபடி வீசுகிறான். மறுபடி கவ்வுகிறது. இதில் கஷ்டமான பகுதி எதுவென்று எனக்குப் புரியவேயில்லை. கம்பு, ரீல், பச்சை நிறத் தவளை ஒன்று, எல்லாவற்றையும் ஆன்லைனில் வரவழைத்துவிட்டேன்.

நீளமான அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் என் மனைவியின் முகம் மலர்ந்தது.

"ஒட்டடைக் கம்பாங்க?"

"தூண்டில்."

"ரெண்டு மாசமா ஒட்டடைக் கம்புதான் கேட்டுனு இருக்கேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என் கடைக்குப் பக்கத்தில் தையல் கடை. அதை நடத்துகிறவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதிலிருந்தே சாத்தனூர் அணைக்குப் போய் மீன் பிடிக்கிறவர். அவரிடம் கம்பு கிடையாது, ரீல் கிடையாது. காலி தண்ணீர் பாட்டிலில் சுற்றிய தூண்டில் நரம்பு, ஒரு முள், பிசைந்த கோதுமை மாவு. அவ்வளவுதான். அந்த மாவு உருண்டைக்கு ஜிலேபி மீன்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி வந்து நிற்கும்.

மே மாதத்தில் அணை தனி அழகு. தண்ணீர் இறங்கி, கலங்கல் அடங்கி, பாறை மேல் நின்று பார்த்தால் பத்தடி ஆழம் வரை தரை தெரியும். அதற்கப்புறம் பச்சை. அதற்கும் அப்புறம் கறுப்பு. எனக்கு மீன் தெரிகிறதே என்று முதல் ஞாயிற்றுக்கிழமை சந்தோஷத்தில் குதித்தேன். மீனுக்கும் நான் தெரிவேன் என்பது தோன்றவில்லை. சிமெண்ட் கடையில் இனாமாகக் கொடுத்த ஆரஞ்சு நிற டீ-ஷர்ட் வேறு போட்டிருந்தேன்.

"சார், நீங்க நிக்கறது செங்கத்துலேர்ந்தே தெரியும்," என்றார் பாய். "மீனு என்ன குருடா?"

விரால் பிடிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு என்றும் சொன்னார். "கவ்வினதும் இழுக்காதீங்க. வாயில வெச்சிக்கினு கொஞ்சம் யோசிக்கும். ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணிட்டு இழுங்க."

எனக்கு ஒன்று வரை எண்ணுவதற்கே பொறுமை கிடையாது. தவளைக்குப் பக்கத்தில் தண்ணீர் லேசாகப் புரண்டாலே இழுத்துவிடுவேன். அது என் தலைக்கு மேல் பறந்து போய்ப் பின்னாலிருக்கும் வேலமரத்தில் தொங்கும். அன்றைக்கு ஆறு முறை மரமேறினேன். தவளை தண்ணீரில் இருந்ததைவிட மரத்தில் இருந்த நேரம்தான் ஜாஸ்தி.

வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூசியது. அணைக்கு வெளியே மீன் விற்கும் அம்மாவிடம் ஒரு கிலோ வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். "நானே புடிச்சேன்" என்று மனைவியிடம் நீட்டினேன். அவள் பையைப் பிரித்துப் பார்த்தாள். அந்த அம்மா பாசத்தோடு செதில் எடுத்து, கீறி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் தடவிக் கொடுத்திருந்ததை அவசரத்தில் நான் கவனிக்கவில்லை.

"அணையில மீனுக்கு மசாலா தடவித்தான் வுடறாங்களா?" என்று கேட்டாள் மனைவி. கேட்டதோடு விட்டிருக்கலாம். அப்பாவுக்கு போன் போட்டாள்.

என் மாமனார் கீழ்பென்னாத்தூரில் விவசாயம் செய்கிறவர். மாதம் தவறாமல் பௌர்ணமிக்கு வந்து மலை சுற்றுவார். எங்கள் வீடு சுற்றுப்பாதையிலேயே, அடி அண்ணாமலையில் இருப்பதால் தங்குவது எங்களோடுதான். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் நான் சொன்ன எதையும் அவர் உடனே நம்பியதில்லை. மழை பெய்கிறது என்று சொன்னால்கூட வெளியே கை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடை எடுப்பார். புல்லாங்குழல் விஷயத்துக்குப் பிறகு இது இன்னும் முற்றியிருந்தது.

போனில் அவர் குரல் அமைதியாக இருந்தது. "மாப்ள, நெஜமாவே ஒரு மீனு நீங்க புடிச்சி, உங்க வூட்ல சமைச்சா, நானே வந்து உக்காந்து சாப்புடறேன். நாலு பேர்கிட்ட மருமகன் புடிச்ச மீனுன்னு சொல்றேன். அதுவரைக்கும் மீனைப் பத்தி நாம பேச வேணாம்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாங்க மாமா. விரால் கொழம்பு," என்றேன். காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். திங்கட்கிழமைத் தாளில் பௌர்ணமி என்று போட்டிருந்தது. ஞாயிறு சாப்பிட்டுவிட்டுத் திங்கள் மலை சுற்றட்டும் என்று கணக்குப் போட்டேன்.

"செரி," என்றார் மாமனார். எவ்வளவு சுலபமாகச் சரி என்றார் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஞாயிறு விடிவதற்குள் நானும் பாயும் அவருடைய ஸ்கூட்டரில் அணைக்குப் போய்விட்டோம். இந்த முறை மங்கலான காக்கிச் சட்டை. பாறை ஓரமாகப் பாசி படர்ந்த ஒரு வளைவில், முதலை எச்சரிக்கைப் பலகையிலிருந்து மரியாதையான தூரத்தில் நின்றுகொண்டேன். ஒரு விரால் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றுக் குடித்துவிட்டு இறங்குவது துல்லியமாகத் தெரிந்தது. தவளையை வீசுவேன். அது பக்கத்தில் வந்து பார்க்கும். நான் பதறி இழுப்பேன். அது சாவகாசமாகப் போய்விடும். மறுபடி வரும். எனக்கென்னவோ அது பொழுதுபோக்குக்கு வருகிறது என்று பட்டது.

ஒன்பது மணிக்கு மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, அப்பா வந்துட்டாரு. பௌர்ணமி இன்னிக்குப் பதினொண்ணே முக்காலுக்கே ஆரம்பிச்சுடுதாம்."

"காலண்டர்ல நாளைக்குத்தானே போட்டிருக்கு?"

"நாளைக்குப் பன்னெண்டரை வரைக்கும் இருக்கு, அதனால நாளைக்குன்னு போட்டிருக்கு. ஆரம்பிக்கறது இன்னிக்கு. கிரிவல நேரம் போட்டு ஊர் பூரா நோட்டீஸ் ஒட்டியிருக்கு. அதுக்கு ஜெராக்ஸே நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க!"

உண்மை. இருநூறு காப்பி எடுத்தேன். ஒன்றையும் படிக்கவில்லை. மலை சுற்றும் பாதையில் குடியிருந்துகொண்டு பௌர்ணமி எப்போது தொடங்குகிறது என்று தெரியாத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பௌர்ணமி தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டு அடுப்பில் கவிச்சி ஏறாது. மாமனார் வாசனைகூடப் பிடிக்க மாட்டார்.

"அப்பாவுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம இருப்பாரா? 'மத்தியானம்னு மாப்ளதானே சொன்னாரு, நானா சொன்னேன்?'ங்கறாரு. பதினொண்ணே முக்காலுக்குள்ள இலை போட்டா சாப்புடறேன்னு உக்காந்துனு இருக்காரு. சிரிச்சுனு வேற இருக்காரு."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். பாய் என் தோளைத் தட்டினார். திரும்பிப் பார்த்தால் நரம்பு ஓடிக்கொண்டிருக்கிறது. போன் பேசிய மும்முரத்தில் தவளையை அப்படியே தண்ணீரில் விட்டிருந்தேன். விரால் கவ்வி, வாயில் வைத்துக்கொண்டு, யோசித்து, முடிவும் எடுத்துவிட்டிருந்தது.

"இப்ப இழுங்க சார்!"

இழுத்தேன். போன் பாறையில் விழுந்தது. அதிலிருந்து "என்னங்க? என்னங்க?" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. கம்பு வில்லாக வளைந்தது. தெளிந்த தண்ணீருக்குள் அது புரள்வது, வெள்ளை வயிறு மின்னுவது, பாசிக்குள் நுழையப் பார்ப்பது எல்லாம் தெரிந்தது. தெரிந்ததால் பயம்தான் கூடியது. ரீலைச் சுற்றி மீனைக் கரைக்கு இழுத்தேன். பாய் துண்டை விரித்து அதன் மேல் விழுந்து அமுக்கினார். முழங்கை நீளத்துக்கு மேல் இருந்தது. வாயின் மேலுதட்டில் தவளையின் இரட்டை முள் இரண்டும் ஏறியிருந்தன.

"உங்க வூட்டம்மாவுக்கு நன்றி சொல்லுங்க," என்றார் பாய். "அவங்க எண்ணினாங்க, நீங்க இழுத்தீங்க."

மூடி போட்ட பெயிண்ட் பக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மீனை அதில் வைத்தோம். விரால் லேசில் சாகாது. ஈரமும் காற்றும் இருந்தால் போதும். ஸ்கூட்டர் பறந்தது. பத்தரைக்கு ஊர் எல்லை வந்துவிட்டது. ஆனால் பௌர்ணமிக்காகச் சுற்றுப்பாதையில் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். கிரிவலக் கூட்டம் முன்கூட்டியே நடக்கத் தொடங்கியிருந்தது. ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, நானும் பாயும் பக்தர்களோடு சேர்ந்து நடந்தோம். வேகமாக நடந்தால் முக்கால் மணி நேரத்தில் வீடு.

வேகமாக நடக்க முடியவில்லை. அந்தப் பாதையில் மூடி போட்ட பெயிண்ட் பக்கெட்டை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அன்னதானம். முதலில் ஒரு அம்மா பக்கத்தில் வந்து நடந்தார். அப்புறம் அவருடைய குடும்பம். கொஞ்ச தூரத்தில் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது.

"சாமி, எங்க வெச்சிக் குடுக்கப் போறீங்க?"

"இல்லம்மா, இது அது இல்ல."

"பொங்கலா, சாம்பார் சாதமா?"

"ரெண்டும் இல்லம்மா."

"தயிர் சாதம்," என்று அந்த அம்மா பின்னால் திரும்பி அறிவித்தார். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து விரால் மூடியை ஒரு அறை அறைந்தது. அந்த அம்மா பக்கெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இன்னும் கொதிக்குது போல," என்றார்.

பாய் சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். உண்மையைச் சொல்ல எனக்கு தைரியம் இல்லை. "வேண்டுதல்மா, வூட்ல போய்த்தான் தெறக்கணும்," என்றேன். ஒரு விதத்தில் பொய்யும் இல்லை. அவர்கள் வரிசை கலைந்து, மன்னித்து, வழிவிட்டு முடிப்பதற்குள் பதினொன்றரை தாண்டிவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்தபோது பன்னிரண்டு பத்து. மாமனார் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"மாமா, புடிச்சிட்டேன். நானே," என்றேன்.

"உசுரோட விக்கறாங்களே மாப்ள, இப்பல்லாம்."

"அல்லா மேல ஆணை, சார்தான் புடிச்சாரு," என்றார் பாய்.

"பாய், நீங்க அவருக்குப் பேண்ட் தைக்கறவரு. வேற என்னா சொல்வீங்க?"

விளையாட்டாக ஆரம்பித்ததுதான். ஆனால் ஒரே ஒரு முறை நான் சொன்ன உண்மை, உண்மையாகவே எடுத்துக்கொள்ளப்பட வேண்டும் என்று அந்த நிமிடம் எனக்கு இருந்த ஆசையை இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். வேறு வழி தெரியாமல் மூடியைத் திறந்து, பையிலிருந்து தவளையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

மாமனார் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வேட்டியை மடித்துக் குந்தி, ஒரே பிடியில் விராலைக் கழுத்தோடு தூக்கினார். செல்போன் டார்ச்சை அடிக்கச் சொன்னார். மேலுதட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள். தவளையின் இரட்டை முள்ளை அதோடு வைத்துப் பார்த்தார். பொருந்தியது. இன்னொரு முறை வைத்துப் பார்த்தார்.

"வலையில வுழுந்த மீனுக்கு ஒதட்டுல ஓட்டை இருக்காது," என்று மெதுவாகச் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. மீனிடம்.

"அப்ப நம்பறீங்களா மாமா?"

"சாப்புட்டுட்டுச் சொல்றேன்."

ஆனால் எப்போது சாப்பிடுவது? அன்று பௌர்ணமி. மறுநாள் மதியம் அது முடிந்தாலும் திங்கட்கிழமை. சிவனுக்கு உகந்த நாள் என்று அவர் தொட மாட்டார். செவ்வாய் அவருக்கு நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க ஆட்கள் வருகிறார்கள். தன் விதி நாள்காட்டியில் இப்படித் தள்ளிப் போய்க்கொண்டிருப்பது தெரியாமல், விரால் எங்கள் துணி ஊறவைக்கும் டப்பில் இரவும் பகலும் வட்டம் போட்டது. மாமனாரும் மலையைச் சுற்றிவிட்டு வந்தார். புதன்கிழமை தன் வீட்டிலேயே குழம்பு வைத்துக்கொள்வதாகச் சொல்லி, திங்கள் சாயங்காலம் விராலைப் பக்கெட்டில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். நான் கூடவே போய் ஏற்றிவிட்டேன். மூடியைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் கடையில் இருந்தபோது போன் வந்தது.

"மாப்ள, முள்ளு கம்மி," என்றார்.

நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். பின்னால் யாரோ ஒருவர் ஏப்பம் விடும் சத்தம் கேட்டது.

"பக்கத்து நெலத்துக்காரன் வந்து சாப்புட்டான். எம் மருமகன் புடிச்ச மீனுன்னு சொன்னேன். நம்ப மாட்டேங்கறான். ஜெராக்ஸ் கடைக்காரர் எங்க விரால் புடிக்கறது, கடையில வாங்கியிருப்பாருங்கறான். நாலு தரம் சொல்லிட்டேன். இந்தாங்க, நீங்களே பேசுங்க."

போன் கை மாறியது. எதிர்முனைக்காரர் மரியாதையாகக் கேட்டார். "சார், வணக்கம். பெரியவர்கிட்ட சொல்ல மாட்டேன். கிலோ என்னா வெலைன்னு மட்டும் சொல்லுங்க."

அதற்குள் பின்னாலிருந்து என் மாமனார் கத்துவது கேட்டது.

"ஓட்டையை நான் பார்த்தேன்டா! ரெண்டு ஓட்டை! என் கண்ணால பார்த்தேன்!"