ஏவாளும் வாடகை மலைப்பாம்பும்

இன்று காலை எங்கள் பழைய தாம்பரம் சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் செல்வின் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டிருந்தார். எழுபதுகளில் அறுப்பின் பண்டிகைக்குச் சிறுபிள்ளைகள் நாங்கள் போட்ட ஏதேன் தோட்ட நாடகம். அவர் ஆதாம், நான் ஏவாள். மரக்கிளையில் நிஜ மலைப்பாம்பு.

“அந்தக் காலத்துப் பிள்ளைகளின் தைரியம்” என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைதட்டல்கள்.

தைரியமாவது, மண்ணாங்கட்டியாவது.

என் தலைக்கு மேல் கிளையில் அதைச் சுற்றியபோதே வாயோரம் கறுப்பு நூலைப் பார்த்துவிட்டேன். அதை வாடகைக்குக் கொண்டுவந்த பாம்பாட்டியிடம் கேட்டேன்.

“வாய் தெச்சிகீது பாப்பா, பயப்படாத. வண்டலூர் காட்டுல புட்ச்சது.”

“அப்போ எப்படிண்ணா சாப்பிடும்?”

“அது மாசக்கணக்குல துன்னாம கெடக்கும்.”

நாடகம் நடத்திய சாரிடம் ஓடினேன். “சார், அதோட வாயைத் தெச்சிருக்காங்க சார்.”

“அதனாலதான் கொண்டுவரச் சொன்னேன். நீ டயலாக்கை மறந்துடாத.”

திரை விலகியது. பின்னாலிருந்து அவரே மைக்கில் பாம்பாகப் பேசினார். வாயைத் திறக்கவே முடியாத அந்த ஜீவன் என்னை ஏமாற்றிப் பழம் தின்ன வைத்ததாக நம்பிச் சபையே கைதட்டியது.

இதை அப்படியே குரூப்பில் எழுதினேன். “நல்ல ஞாபகத்தை ஏன் கெடுக்கறீங்க சிஸ்டர்?” என்று செல்வின் கேட்டார். நான் பதில் எழுதுவதற்குள் அட்மின் என் பதிவையே நீக்கிவிட்டார்.

அன்று வாங்கிய நூல்கண்டு இன்னும் தீரவில்லை போலிருக்கிறது. இதை இங்கே ஃபேஸ்புக்கில் படிக்கும் உங்கள் வாய்க்கு அது வருவதற்குள், கீழே நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போங்கள்.