எங்கள் ஆல்பத்துக்குக் கிடைத்த இரண்டாவது விமர்சனம்

நானும் ஷார்ஜாவில் வேலை பார்க்கும் நண்பன் ரஃபீக்கும் சேர்ந்து ஓர் எலக்ட்ரானிக் இசை ஆல்பம் போட்டோம். எங்கள் வயல் பம்புசெட் சத்தத்தை நான் பதிவு செய்து அனுப்ப, அவன் கம்ப்யூட்டரில் அதை இசையாக்கினான்.

அதில் டெல்டாவின் தீராத துயரம் கேட்பதாக ஓர் இணைய விமர்சகர் எழுதியிருந்தார்.

இன்று ஒரத்தநாடு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மோட்டார் மெக்கானிக்கிடம் இயர்போனைக் கொடுத்தேன். கண்ணை மூடி ஒரு பாட்டை முழுதாகக் கேட்டார்.

"பேரிங் போயிடுச்சு தம்பி. இப்படியே ஓட்டினீங்கன்னா காயில் எரிஞ்சிடும்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார். மெக்கானிக் சொன்னது சரிதான்.

ரஃபீக்குக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"மாத்திடாதடா. அடுத்த ஆல்பத்துக்கு அந்தச் சத்தம் வேணும்" என்கிறான்.

அப்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் வேண்டும் என்கிறார்.

கலைஞர்கள் யாராவது வந்து அப்பாவிடம் பேசுகிறீர்களா?