மாயகிருஷ்ணன் மறித்த மதில்

பள்ளிக்கூடத்து வெள்ளிவிழா மலருக்கு ஆளுக்கொரு பெரிய மனிதரைப் பற்றி எழுதுகிறார்கள். நான் என் எதிராளியைப் பற்றி எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். மணியாச்சி ஸ்டேஷனில் பருத்தி மூட்டை தூக்கி, இன்றைக்கு இரண்டு லாரிக்குச் சொந்தக்காரன். எவன் தயவும் இல்லை. அப்படிப்பட்ட என்னைக் கோவில்பட்டியில் நேருக்கு நேர் மறித்தவன் ஒருவன்தான். ஆட்டுக்கார மாயகிருஷ்ணன்.

வெள்ளாமை எடுத்த கரிசல் புஞ்சைகளில் எருவுக்காக ராத்திரி மந்தையை நிறுத்தி ஆட்டுக்கிடை போடுவான். பசுவந்தனை வரைக்கும் வெள்ளாமைக்காரச் சம்சாரிகள் அவன் கிடைக்குக் காத்துக் கிடப்பார்கள். அந்தத் திமிர் அவன் நடையிலேயே தெரியும். அவன் மந்தை கண்மாய்க்குத் தண்ணீர் குடிக்கப் போகும் பாதை, எங்கள் உயர்நிலைப் பள்ளி மைதானத்தின் நடுவே கிடந்தது.

எழுபத்தாறில் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குத் தலைவர் நான். அதுவரை பையன்கள் மட்டும் படித்த பள்ளி. ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்குப் பெண்பிள்ளைகளையும் சேர்க்கலாம், ஆனால் அதற்குள் சுற்றுமதில் எழும்பியிருக்க வேண்டும் என்று கல்வி அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். கல்லும் மணலும் என் லாரியில்தான் வந்தன. எல்லாம் முடிந்து ஒரு வண்டி அகலம் மட்டும் பாக்கி. அந்த இடைவெளியில் மாயகிருஷ்ணன் கம்பைக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டான்.

“ஏலே மாயகிருஷ்ணா, எந்திரி. கொத்தனாரு நிக்காரு.”

“நிக்கட்டும். எங்க பாட்டன் ஆடு பத்துன பாதை இது. அடைச்சா கிடை உடைஞ்சு போகும்.”

“ஓடையச் சுத்திப் பத்திக்கிட்டுப் போயேன்.”

“ஒன் லாரியா, திருப்புனா திரும்ப? மூட்டை தூக்குனவனுக்கு ஆட்டப் பத்தி என்னலே தெரியும்?”

“ஒம் மக முத்துத்தாயி எட்டாப்பு முடிச்சிருக்காள்லா? அவ எங்கன படிப்பா?”

“அவ ஆடு மேய்ப்பா. ஒன்னையுஞ் சேத்து மேய்ப்பா.”

கொத்தனார் சிரித்துவிட்டார். அவரையும் ஏசினேன். போலீசுக்குச் சொல்லலாம் என்றார்கள். என் சண்டைக்கு ஆள் சேர்க்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. பள்ளி திறக்க ஒரு வாரம்கூட இல்லை, அவன் அசையவில்லை.

அன்று சாயங்காலம் மந்தையை முத்துத்தாய்தான் பத்திக்கொண்டு வந்தாள். தன் அய்யா இடைவெளியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். முன்னால் வந்த கிடாயின் கொம்பைப் பிடித்தாள். தாய் செத்த குட்டியாக இருந்தபோது அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது அது. மதிலை ஒட்டியே ஓடைப் பக்கம் இழுத்தாள். முரண்டு பிடித்தது, காதோரம் என்னவோ சொன்னாள், நடந்தது. மந்தை மொத்தமும் அதன் பின்னால் திரும்பிவிட்டது.

“ஏட்டி! எங்க பத்துத?”

“கண்மாய்க்குத்தான். ஆடு திரும்பாதுன்னியள்லா, பாருங்கய்யா. பள்ளிக்கூடம் தொறந்தா நான் அங்கன போவேன்.”

“இனி எதுக்குலே உக்காந்திருக்க?” என்றேன் நான்.

எழுந்தான். காறித் துப்பினான். “எம் மகளுக்காவ எந்திரிக்கேன். ஒனக்குன்னா இந்தச் சுவத்த இப்பவே இடிப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மதிலின் இடைவெளி மறுநாளே அடைபட்டது. முத்துத்தாய் சேர்ந்தாள், பத்தாவதும் பாஸ் ஆனாள். ஆனால் அந்த வருஷத்திலிருந்து ஊரில் எல்லார் புஞ்சையிலும் கிடை போட்டவன், நான் வாங்கிப் போட்டிருந்த புஞ்சையில் மட்டும் போடவில்லை. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் மறித்துக் கேட்டேன்.

“ஒம் மக பாஸாயிட்டாள்லா. இனியாவது கிடை போடேம்லே.”

“பாஸானது அவ. நீ யாரு?”

போன ஐப்பசியில் செத்துப்போனான். இப்போது கிடை அவன் மகன் நந்தகோபால் கையில். ஆள் விட்டுக் கேட்டேன். “அய்யா வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருக்காவ” என்று பதில் வந்தது. என் கரிசல் கடையில் வாங்குகிற மூட்டை உரத்திலேயே விளையட்டும். நாளைக்கே சொன்னாலும் அந்த மதிலை அதே இடத்தில்தான் கட்டுவேன்.