கத்தரிப் பாத்தியில் டெல்லிப் புல்

அகரத்தில் ராமுத்தாயைத் தெரியாதவர்கள் இல்லை. கத்தரியும் கனகாம்பரமும் பயிரிட்டு, கூடையைச் சுமந்துகொண்டு திண்டுக்கல் சந்தைக்குப் போய் வருவாள். புருஷன் பொன்னுத்துரைக்கு டெல்லியில் ஒரு சர்க்கார் பங்களாவில் தோட்டக்கார வேலை. பல வருஷம் நிலத்தை அவள் ஒருத்தியாகவே பார்த்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் அவன் வேலையை விட்டு ஊரோடு வந்தபோது, இனி பாதிப் பாடு குறையும் என்று நம்பினாள்.

வந்தவனோடு டெல்லியும் வந்து இறங்கியது.

மம்பட்டியைக் கையில் கொடுத்தால், "அங்க ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வேம்பும் நாவலுந்தான். மண்டையில வெயில் படாம ஊரைச் சுத்திரலாம்" என்பான். சோறு போட்டால், "ராசாக்க சமாதியைச் சுத்தி அம்புட்டும் புல்லு. சாயங்காலம் சனம் குடும்பத்தோட வந்து உக்காரும்" என்பான். மாட்டைக் கட்டச் சொன்னால், "பொழுது சாய ரயிலேறுனா விடியுமுன்னே இமயமலை அடிவாரம். எல்லாமே கிட்டக்க" என்பான்.

"இங்க மட்டும் என்னவாம்? அங்கிட்டு சிறுமலை, இங்கிட்டு கொடைக்கானல். போக நேரமில்லாமத்தான் கெடக்கேன். மாட்டைக் கட்டுங்க!"

ஒருநாள் சந்தையிலிருந்து திரும்பியவள் திகைத்து நின்றாள். கிணற்றடிக் கத்தரிச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பாத்தி முழுக்க அறுகம்புல் நட்டுக்கொண்டிருந்தான்.

"மாட்டுக்கா?"

"உக்காரதுக்கு."

பக்கத்துத் தோட்டத்து முனியப்பன் அதன்பிறகு போகும்போதும் வரும்போதும், "மதினி, புல்லு அறுப்பு எப்ப?" என்று கேட்டுச் சிரித்தான்.

கோடையில் கிணறு அடி தட்டியது. கனகாம்பரம் தலை தொங்கிக் கிடக்க, புல் மட்டும் பச்சைப்பசேலென்று நனைந்திருந்தது. ராமுத்தாய் மம்பட்டியை எடுத்து வாய்க்காலை வெட்டிப் பூவுக்குத் திருப்பினாள்.

"ஏ புள்ள, புல்லு செத்துரும்!"

"சாகட்டும். பூவு செத்தா சந்தையில புல்லையா கூறு போட்டு விப்பீங்க?"

பங்குனி முடிவதற்குள் புல் கருகிவிட்டது. அவன் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு அவனே கொத்திவிட்டுக் கத்தரி நட்டான். பேச்சு மட்டும் ஓயவில்லை.

அறுபத்தைந்து தை மாதம், அவன் வேலை பார்த்த வீட்டில் கல்யாணம் என்று அவளையும் டெல்லிக்குக் கூட்டிப்போனான். அந்தச் சமாதித் தோட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தான். குளிருக்கு வெயில் இதமாக இருந்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் புல், பெருமரங்கள், வேர்க்கடலை கொறிக்கும் குடும்பங்கள். அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"எப்பிடி?" என்றான்.

"நல்லாத்தேன் இருக்கு. யாரு கெணத்துத் தண்ணி?"

"சர்க்கார் தண்ணி."

"அப்ப சர்க்காரே வச்சுக்கிறட்டும்" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு புல்லிலேயே படுத்தாள். செத்த நேரத்தில் அயர்ந்து தூங்கிப்போனாள். நேரமாயிற்று என்று அவன் எழுப்பியபோது, அதற்கும் அவன்மேல் எரிந்து விழுந்தாள்.